முகூர்த்த நாள் தெரிந்த காடு

கயல் கண்ணு,

வீட்டில் உன் அம்மா கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. நான் தடவினால் ஓரத்தோடு நிற்காமல் மாப்பிள்ளை பெயர் வரைக்கும் மஞ்சளாகிவிடுகிறதாம். அதனால் கடைக்கு வந்து, சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மத்தியான நேரத்தில் செம்பாக்கத்தில் யாரும் கம்பி வாங்க வருவதில்லை. உனக்கு மட்டும் எழுதி மடித்து உன் பையில் வைத்திருக்கலாம். ஆனால் நடந்தது நாலு பேர் முன்னால் நடந்தது. அதற்கு என் பதிலும் நாலு பேர் பார்க்க இருக்கட்டும் என்றுதான் வெளிப்படையாகவே எழுதுகிறேன். அப்புறம் நான் பின்வாங்க முடியாது, பார். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

விஷயம் நெடுங்குன்றம் பக்கத்தில் இருக்கும் நம் மேட்டு நிலம். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பக்கம் வனத்துறையின் காடு, மறுபக்கம் ஏரி, நடுவே எங்கள் நிலம். ஒரு காலத்தில் வேர்க்கடலை போட்டோம். இப்போது முள்ளும் புதரும் நாலைந்து பனைமரமும் ஒரு பாழுங்கிணறும்தான். அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடுகள் வந்துவிட்டன. அங்கே அடுக்குமாடி கட்ட பில்டர் தனசேகரிடம் பேசி முடித்திருந்தேன். நிலம் நம்முடையது, கட்டுமானம் அவனுடையது, வீடுகளில் பாதிப் பாதி. அதில் ஏரியைப் பார்த்த முதல் மாடி வீடு உனக்கு. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தன்று உன் கையில் ஒப்பந்தத்தின் நகலைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். உனக்கு இது தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். உன் அம்மாவின் வயிற்றில் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது?

உன் வேலை என்னவென்று நான் சரியாகப் புரிந்துகொண்டதே இல்லை. சொந்தக்காரர்கள் கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்பேன். உன் சித்தப்பா ஒரு தடவை, "ஃபாரஸ்ட்டுல வேலைன்னு சொன்னாங்களே?" என்று கேட்டபோது, "ரெண்டுக்கும் நடுவுல" என்று சொல்லித் தப்பித்தேன். நீ வீட்டில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு பச்சையும் மஞ்சளுமாக ஏதோ கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாய். விளையாட்டு என்று நினைத்தேன். வயசு வந்த பெண் இன்னும் வீடியோ கேம் ஆடுகிறாளே என்று உன் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டதும் உண்டு. அன்றைக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரி அரங்கில் கூட்டம் என்றாய், பெரிய திரையைக் கொண்டுபோகக் கடையின் குட்டி யானை சரக்கு வண்டி வேண்டும் என்றாய். டிரைவர் வரவில்லை. நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். திரையை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடத்தான் நினைத்தேன். உள்ளே ஏ.சி. நன்றாக இருந்தது, கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

வனத்துறை ஆட்கள், ஏரியைக் காப்பாற்றுகிறவர்கள், குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர்கள் என்று கலவையான கூட்டம். திரையில் நீ கம்ப்யூட்டரில் செய்துவைத்திருந்த நம் காடு மேலே இருந்து தெரிந்தது. பறவை பார்ப்பது போல என்று எழுதியிருப்பேன், ஆனால் எந்தப் பறவை இவ்வளவு பார்த்திருக்கும்? புதர், பாறை, ஏரி, ரோடு, வீடுகள், எல்லாம். சின்னச் சின்னப் புள்ளிகளாக மான்கள். நீ விரலால் மழையைக் குறைத்தாய். ஏரி சுருங்கியது. புள்ளிகள் காட்டை விட்டு மெல்ல வீடுகள் பக்கம் இறங்கின. தெருவிளக்குகளைக் கூட்டினாய். இறங்கிய புள்ளிகள் ரோட்டோரம் வந்து தயங்கி நின்றன. உண்ணிச்செடியைப் பரவவிட்டாய். புல் போயிற்று, புள்ளிகள் வேறு பக்கம் நகர்ந்தன. ஒன்றைத் தொட்டால் எங்கேயோ இருக்கிற இன்னொன்று அசைந்தது. நான் பிறந்ததிலிருந்து இந்தக் காட்டை ரோட்டிலிருந்து பார்த்துக்கொண்டு போகிறேன். எனக்கு அது பச்சையாக ஒரு மேடு, அவ்வளவுதான். அன்றைக்குத்தான் அது ஒரு குடும்பம் மாதிரி உள்ளுக்குள் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று பக்கத்தில் இருந்தவர் பிறகு சொன்னார்.

அப்போது சங்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து, "ஏம்மா, அந்த ஆரஞ்சுப் புள்ளி நாய்ன்னு சொன்னே. அது ஏன் சில மாசம் ரோட்டுப் பக்கமே இருக்கு, சில மாசம் காட்டுக்குள்ள பாயுது?" என்று கேட்டார். நீ சொன்ன பதிலை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"சார், அந்த ரோட்டுல வரிசையா கல்யாண மண்டபம் இருக்கில்ல? முகூர்த்த நாள்ல எச்சில் இலையெல்லாம் மண்டபத்துக்குப் பின்னாடிதான் கொட்டுறாங்க. அதைச் சாப்பிட்டுத்தான் நாய்ங்க பெருகுது. ஆடியில முகூர்த்தம் இல்ல, மார்கழியிலயும் இல்ல. இலை விழாது. பசிச்ச நாய்ங்க கூட்டமா காட்டுக்குள்ள போகும். மான் குட்டிங்க மாட்டிக்கும். அதனால பஞ்சாங்கத்தையும் இதுக்குள்ள போட்டிருக்கோம் சார்."

அரங்கமே சிரித்தது. பஞ்சாங்கம் என்றதும் சிரிப்பு வரத்தானே செய்யும். நான் சிரிக்கவில்லை. அந்த மண்டபங்களுக்கெல்லாம் சிமெண்ட் கொடுத்தவன் நான். அங்கே சாப்பிடாத கல்யாணம் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் இலையை மடிக்கிறோம், கை கழுவுகிறோம், பீடா போட்டுக்கொள்கிறோம். அந்த இலை அங்கிருந்து கிளம்பி நாயாகி, ஆடி மாதத்தில் ஒரு மான் குட்டியின் கழுத்து வரைக்கும் போகிறது என்பது யாருக்குத் தோன்றும்? உனக்குத் தோன்றியிருக்கிறது. அதை உட்கார்ந்து கணக்காக்கி ஒரு பெட்டிக்குள் நாள் நட்சத்திரத்தோடு ஓட வைத்திருக்கிறாய். கண்ணு, எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. நான் தூக்கி வளர்த்த பெண்ணா இவ்வளவு தூரம் பார்க்கிறாள் என்று பயம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாய். வனத்துறை அம்மா, "யாராச்சும் முன்னாடி வாங்க, நீங்களே தொட்டு மாத்திப் பாருங்க, ஒண்ணும் உடையாது" என்றார். யாரும் எழவில்லை. நான் எழுந்தேன். ஏன் என்றால் திரையில் நம் நிலத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். கிணறு ஒரு கறுப்புப் பொட்டாகத் தெரிந்தது, பக்கத்தில் பனைமரங்கள். நீ அதில் பெயர் எழுதவில்லை, மற்ற கட்டங்களைப் போல ஒரு எண்தான் போட்டிருந்தாய். நான் அதைத் தொட்டேன். அப்படியே விடலாமா, வேலி போடலாமா, கட்டடம் கட்டலாமா என்று கேட்டது. கட்டடம் என்று அமுக்கினேன். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அமுக்கியிருப்பேனோ என்னவோ.

வருடங்கள் ஓடின. என் விரலுக்குக் கீழே மழை வந்தது, போனது, ஏரி நிரம்பியது, வற்றியது. கோடையில் தண்ணீருக்கு இறங்கிய மான்கள் நம் கட்டடத்தில் முட்டித் திரும்பின. சுற்றிப் போனவை ரோட்டுக்குப் போயின, நாய்களிடம் போயின. புள்ளிகள் குறைந்துகொண்டே வந்து, ஏரிப் பக்கத்துக் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் நின்றது. ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி ஓடவிட்டேன். இந்தத் தடவை கொஞ்சம் வேறு மாதிரி, ஆனாலும் காலி. மறுபடி ஓடவிட்டேன். அப்புறம் மறுபடி. அரங்கம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு ஓட்டத்தில் மழை நன்றாகப் பெய்தது, மான்கள் தாக்குப்பிடித்துவிட்டன. எனக்கு வந்த சந்தோஷத்தில் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "பாத்தீங்களா? கட்டுனாலும் மான் அப்படியேதான் இருக்கு!" என்று உரக்கச் சொன்னேன்.

நீ மைக்கில், சத்தம் உயர்த்தாமல், "அப்பா, நீங்க உங்களுக்குப் பிடிச்சது வர்ற வரைக்கும் அமுக்கினீங்க" என்றாய்.

அன்றைக்கு விழுந்த சிரிப்பில் கூரை பெயர்ந்திருக்க வேண்டும். நானும் சிரித்தேன், வேறு வழி? பிறகு நீ ஏதோ ஒன்றைத் தட்டினாய். ஒரே காடு, ஒரே கட்டடம், ஆனால் நடக்கக்கூடிய எல்லா எதிர்காலமும் ஒரே படத்தில் வந்து நின்றது. இடியாப்பத்தைப் பிழிந்து பரப்பியது போல அத்தனை கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு ஓட்டத்தின் மான் கணக்கு. முக்கால்வாசிக் கோடுகள் கீழே போய்த் தரையைத் தொட்டன. மேலே நின்றவை கொஞ்சம்தான். நான் பிடித்துக்கொண்டு குதித்தது அதில் ஒன்று. அப்புறம் நம் கட்டத்தை 'அப்படியே விடு' என்று மாற்றினாய். கோடுகள் கலைந்து மறுபடி விழுந்தன. இப்போதும் சில கீழே போயின. ஆனால் மேலே நின்றவை நிறைய. நான் உட்கார மறந்து அங்கேயே நின்றேன். நமக்கு நடக்கப்போவது இதில் ஒரே ஒரு கோடு, எது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க முடியும். இதைவிடப் பெரிய ஒன்றை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை, முருகன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

திரும்பி வரும்போது வண்டியில் நான் கேட்டேன். "நம்ம நிலம்னு ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா எனக்காக விட்டுக் குடுப்பீங்கப்பா. அப்புறம் என் மேல கோவம் வர்ற அன்னிக்குக் கட்டிடுவீங்க."

உண்மைதான். கியரை மாற்றினேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "சரி, நாம கட்டாம விட்டா மான் கண்டிப்பாப் பொழைச்சுக்குமா?" என்றேன்.

"தெரியாதுப்பா. பக்கத்து நிலத்துல வேற யாராவது கட்டலாம். மழை ஏமாத்தலாம். எங்க மாடலே தப்பா இருக்கலாம். இது ஜோசியம் இல்லப்பா."

எனக்குக் கோபம் வந்தது. நிச்சயமில்லாத ஒன்றுக்காக நிச்சயமான வீட்டை விடச் சொல்கிறாளா என்று. ஆனால் நீ விடச் சொல்லவே இல்லையே. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். நீ கேட்காமல் விட்டதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சட்டென்று, "நீங்க ஜோசியருங்களையும் இப்படித்தானே அமுக்குனீங்க?" என்றாள். மாப்பிள்ளை பிரபுவின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போன கதை உனக்கும் தெரியும். தாம்பரத்தில் பார்த்தவர் பொருந்தாது என்றார். அடுத்தவர் சுமார் என்றார். குன்றத்தூர் போய் ஒருவரிடம் காட்டினேன், அமோகம் என்றார். அங்கிருந்தே பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தேன். பையனை எனக்குப் பிடித்திருந்தது, அதனால் பிடித்த பதில் கிடைக்கும் வரைக்கும் சுற்றினேன். நம் வீட்டில் போர்வெல் போட்டபோதும் அப்படித்தான். உள்ளங்கையில் தேங்காய் வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்க வந்தவருக்குக் கொல்லை மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. உன் அம்மாவுக்குச் சமையலறைப் பக்கம் வேண்டும். "இன்னொரு வாட்டி இந்தப் பக்கமா நடங்க" என்று அவரைச் சமையலறை ஓரமாகவே நடக்க வைத்தேன். கடைசியில் அவரும் பாவம், கால் வலித்திருக்கும், தேங்காய் நின்றுவிட்டது. அந்த உப்புத் தண்ணீரில்தான் நீ குளித்து வளர்ந்தாய்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், ஒன்று சொல்கிறேன். பிரபுவோடு மனத்தாங்கல் வரும், வராமல் இருக்காது. அப்போது உனக்குப் பிடித்த பதிலை அவன் வாயிலிருந்து வரவழைக்கும் வரைக்கும் திருப்பித் திருப்பிக் கேட்காதே. அவனும் களைத்துப்போய் ஒரு நாள் சொல்லிவிடுவான். அதை வைத்துக்கொண்டு நீ சந்தோஷப்படுவாய், அது பொய்யாக இருக்கும். உனக்கு இதெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை, காட்டிடமே அப்படிக் கேட்காதவள் நீ. இருந்தாலும் நீ என் பெண், என் ரத்தமும் ஓடுகிறது. ஜாக்கிரதையாக இரு.

போன வாரம் தனசேகரைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தான். நான் வேண்டாம் என்று சொன்னதும் அவனுக்கு நம்ப முடியவில்லை.

"இன்னாண்ணே, வெளாட்றியா? மானுக்கோசரம் அபார்ட்மெண்ட்ட வுட்டுடுவியா? நீ கட்டலன்னா பக்கத்துக்காரன் கட்டப் போறான். மானும் போவும், உன் வூடும் போவும். அப்பால நீதான் குந்திகினு அழுவணும்."

"அப்படியும் ஆகலாம் தனசேகர். அதுவும் அதுல ஒரு கோடுதான்."

"இன்னா கோடு?" என்றான். எனக்கு விளக்கத் தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அவன் கெட்டவன் இல்லை, அவன் சொன்னது நடக்கவும் நடக்கலாம். வாசல் வரைக்கும் வந்து, "மனசு மாறுனா போன் பண்ணுண்ணே, எப்ப வோணா பண்ணு" என்றான். அந்த வார்த்தை எனக்கு இனிப்பாக இருந்தது. அதைத்தான் உன்னிடம் மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

உன் அம்மா அழுதாள். "ஒரே பொண்ணு, வீடுன்னு ஒண்ணு குடுக்காம எப்படிங்க அனுப்புறது?" என்றாள். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு, "வண்டியை எடுங்க, மண்டபத்துக்குப் போகணும்" என்றாள். மேனேஜரிடம் போய், நம் கல்யாணத்து இலை ஒன்றுகூடப் பின்பக்கம் விழக் கூடாது, அகரம்தென்னில் மாடு வைத்திருக்கிறவரிடம் பேசிவிட்டேன், பந்தி முடிய முடிய அவர் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று கறாராகச் சொன்னாள். மேனேஜர் விழித்தான். "இன்னாம்மா, எச்சில் எலைக்கு இவ்ளோ பேஜாரா?" என்றான். உன் அம்மா அவனுக்கு ஆடி மாதத்து நாய்களைப் பற்றி உன் குரலிலேயே விளக்கினாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன் கம்ப்யூட்டர் காடு நம் வீட்டுப் பந்தி வரைக்கும் வந்துவிட்டது, கண்ணு.

அப்புறம் நான் தனியாக மேட்டு நிலத்துக்குப் போனேன். விடிந்து வெயில் ஏறும் வரைக்கும் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மானாவது வரும், பார்த்தால் மனசு நிலைத்துவிடும் என்று ஆசை. ஒன்றும் வரவில்லை. மயில் கத்தியது, யாரோ பைக்கை உதைத்தார்கள். பிடித்த பதிலைக் கேட்டுத்தான் மறுபடியும் போய் உட்கார்ந்திருக்கிறேன் என்று புரிந்ததும் எழுந்து வந்துவிட்டேன். பதில் வராமலே செய்ய வேண்டிய வேலை இது.

அதனால் இப்படிச் செய்திருக்கிறேன். மேட்டு நிலத்தை உன் பேருக்கு எழுதிப் பதிவு செய்தாயிற்று. முதல் மாடி வீடு கிடையாது, மன்னித்துக்கொள். புதரும் முள்ளும் பாழுங்கிணறும்தான் உன் சீர். இதை உன் மேல் உள்ள ஆசையால் மட்டும் செய்யவில்லை, என் மேல் நம்பிக்கை இல்லாததாலும் செய்தேன். வியாபாரம் படுக்கும். யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வரும். பக்கத்துக்காரன் கட்டி வாடகை வாங்குவதை நான் தினமும் பார்ப்பேன். ஒரு நாள் உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன், கண்ணு. நல்ல மழை பெய்த வருடமாகப் பார்த்துத்தான் வருவேன். மான் நிறைய இருக்கிறதாமே, இனிமேல் கட்டினால் என்ன என்று கேட்பேன். கோபிப்பேன், அழுவேன், உன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கூடக் கேட்பேன். அப்பா பாவம் என்று இரங்கிவிடாதே. சாப்பாடு போடு, காபி கொடு, பஸ் ஏற்றி அனுப்பு. கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே.

இப்படிக்கு,
அப்பா